கட்டியக்காரனின் குதிகால்

ஜமீன்தார் பல்லக்கில் போனால், கட்டியக்காரன் மாசானம் முன்னே ஓடிக்கொண்டே அவர் பட்டங்களைக் கூவுவான். தெருவே அதைத் திருப்பிக் கூவ வேண்டும், அது வழக்கம்.

ஒரு தடவை மாசானத்துக்குக் குதிகால் வலி. காலை ஊன்றவே முடியவில்லை.

"எசமான், எருக்கிலை வச்சு, சுட்ட செங்கல்லுல ஒத்தடம் குடுத்துப் படுத்துக் கெடந்தா சரியாயிரும்."

"சாக்குச் சொல்லாதடா! தேரன்னைக்கு ஓடலேன்னா தோலை உரிச்சிருவேன்."

தேரன்று ஓடினான். "வீராதி வீரர் வாராரு…" குதிகால் தரையில் பட்டது. "ஐயோ!"

"வீராதி வீரர் வாராரு, ஐயோ!" என்றது தெரு.

"ஏழைக்கு இரங்கும் வள்ளல் வாராரு… ஐயையோ!"

தெரு இன்னும் பலமாகக் கூவியது.

ஜமீன்தார் பல்லக்கின் திரையை விலக்கி, "என்னடா இது?" என்று சீறினார்.

"பட்டம் உங்களுது எசமான், ஐயோ என்னுது. ஊருதான் ரெண்டையும் சேத்துருச்சு."

அன்றைக்கே அரண்மனை அடுப்பில் செங்கல் சூடானது. படுத்துக் கிடந்து எழுந்ததில் மாசானத்துக்கு வலி போய்விட்டது.

ஊர் வாயிலிருந்து அந்த ஐயோதான் போகவில்லை.