அறுபது பாகத்துக்குக் கீழே

பாய் விரித்துத் தோணிகள் ஓடிய காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்துத் தோணி ஒன்றில் ஓர் ஈயக்குண்டு இருந்தது. கடலின் ஆழம் பார்ப்பது அதன் வேலை.

இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு துணிமுடிச்சாக அறுபது முடிச்சு போட்ட கயிறு குண்டுக்குத் துணை. குண்டின் அடிவயிற்றில் ஒரு குழி. அதில் மெழுகை அப்பி இறக்குவார்கள். தரையைத் தொட்டால் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு வரும். தோணியை நடத்துகிற தண்டல் கஸ்பார் அதை மோந்து பார்ப்பார், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார், "இது இன்ன இடம்" என்பார். சொன்னது தப்பியதில்லை.

குண்டுக்கு அதில் பெருமைதான். பெருமைக்கு அடியில் கொஞ்சம் பயமும் இருந்தது. இதற்கு முன்னால் இருந்த குண்டு இரண்டு தடவை வெறும் மெழுகோடு திரும்பியதாம். அதை உருக்கி, வலையில் கட்டுகிற ஈயமணிகளாக வார்த்துவிட்டார்கள்.

ஒரு தடவை வாடைக்காற்று இரண்டு நாள் விடாமல் தோணியைத் தெற்கே அடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் காலையில் காற்று திரும்பி, வீடு இருக்கிற வடக்குப் பக்கமாக வீசியது. ஆனால் கடல் முழுக்க மூட்டம். எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பாறைத் திட்டுக்கு மேலே நின்றால் பாயை ஏற்றக் கூடாது, மோதி உடையும். மூட்டம் விலகும்வரை கிடக்க வேண்டியதுதான். ஆழ்கடலாக இருந்தால் அப்படிக் கிடக்கக் கூடாது. நீரோட்டம் இன்னும் தெற்கே இழுத்துக்கொண்டு போகும். பீப்பாயில் ஒரு நாள் தண்ணீர்தான் மிச்சம். தோணியில் ஏழு பேர்.

"என்ன குண்டண்ணே," என்றது பாய். "மோந்து பாத்துட்டு வந்து சொல்லும். நான் விரியவா, சுருண்டு கெடக்கவா?"

"இந்தா போனேன், இந்தா வந்தேன்," என்றது குண்டு.

சூசை என்கிற மாலுமி மெழுகை அப்பி, குண்டை இறக்கினான். பத்து பாகம். இருபது பாகம். வெளிச்சம் பச்சையாகி, நீலமாகி, அதுவும் போனது.

"தம்பி, இன்னும் விடு," என்றது குண்டு.

"விடுறேன், விடுறேன்," என்றது கயிறு.

ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபதாவது முடிச்சில் கயிறு விண்ணென்று இழுத்து நின்றது.

"அவ்வளவுதாண்ணே. என்னோட வால் சூசை கையில இருக்கு."

குண்டு இருட்டில் தொங்கியது. காலுக்குக் கீழே ஒன்றும் தட்டுப்படவில்லை. அதன் வாழ்நாளில் அப்படி ஒரு கீழ் இருந்ததே இல்லை.

"வா மக்கா," என்றது ஒரு குரல். அவ்வளவு மெதுவான குரலைக் குண்டு கேட்டதில்லை.

"யாரது?"

"ஆழம். என் வீட்டுப் பக்கம் இம்புட்டுத் தூரம் வந்தது நீதான். உள்ள வாயேன்."

"கயிறு பத்தலம்மா. தரை எங்க இருக்கு?"

"கீழதான். நீ வந்ததப் போல இருபது மடங்கு போகணும். அங்க மலை எல்லாம் இருக்கு, ஒண்ணுக்கும் யாரும் பேரு வைக்கல. விளக்கு வச்சுக்கிட்டுப் போற மீனு இருக்கு. அதுங்களும் யாரையும் பாத்ததில்ல."

குண்டு, "வெறும் மெழுகோட போனா என்னை உருக்கிருவாங்க," என்றது.

ஆழத்துக்கு மனசு பொறுக்கவில்லை. "வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்புவனா? இந்தா." மேலேயிருந்து எத்தனையோ காலமாக உதிர்ந்துகொண்டிருந்த வெள்ளைத்தூளில் ஒரு பிடி அள்ளி நீட்டியது. பார்க்க அசல் மணல் மாதிரியே இருந்தது. "இதுதான் என்கிட்ட இருக்கு. ஒட்டிக்கிட்டுப் போ."

குழியைத் திருப்பிக் காட்டினால் போதும். குண்டு பாதி திரும்பியும் விட்டது.

"அண்ணே," என்றது கயிறு. "மேல அலை ஆட்டத்துல, நீங்க தரை தட்டி நான் தளந்தேனா இல்லியான்னு சூசை கைக்குத் தெரியாது. நீங்க கொண்டு போறதத்தான் நம்புவாங்க."

குண்டு நின்றது. மெழுகில் மணல் இருந்தால் தண்டல் 'தரை பக்கம்' என்பார். பாய் சுருளும். தோணி கிடக்கும். தண்ணீர் நாளைக்குத் தீரும்.

"வேண்டாம்மா," என்றது.

"என் கை உனக்குப் பிடிக்கலையா?"

"ஐயோ, இல்ல. இத வாங்கிட்டுப் போனா உங்கள இத்துனூண்டுன்னு அங்க சொல்லிருவாங்க. அத நம்பி ஏழு பேரு செத்துப் போயிருவாங்க. நீங்க எம்புட்டுப் பெருசோ, அத அப்படியே கொண்டு போறேன்."

"அத எப்படிக் கொண்டு போவ?"

"வெறுங்கையாத்தான்."

ஆழம் கையை மடக்கிக்கொண்டது. தூள் சிதறி, தன் பாட்டுக்குக் கீழே போனது. கயிறு மேலே ஏறத் தொடங்கியது.

தளத்தில் வந்து விழுந்த குண்டைச் சூசை புரட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்லியே தண்டலே. குண்டு ஏமாத்திட்டு."

கஸ்பார் மெழுகை மோந்தார். நாக்கில் வைத்தார். நகத்தால் அழுத்தினார். குண்டு கண்ணை மூடிக்கொண்டது.

"மெழுகு இளக்கமாத்தாம்ல இருக்கு. தரை இருந்தா ஒட்டியிருக்கும். அறுபது பாகத்துலயும் தரை இல்ல, பாறையும் இல்ல. ஏத்துங்கல பாய!"

பாய் படபடவென்று விரிந்தது. தோணி வடக்கே திரும்பியது. கஸ்பார் தலைத்துணியை அவிழ்த்துக் குண்டின் ஈரத்தைத் துடைத்தார், பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. பிறகு தண்ணீரைக் குனிந்து பார்த்தார். "எம்மா, எங்க கயிறு பத்தல. பொறுத்துக்கோ," என்றார்.

சூசை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "நாளைக்கு வேற தோணிக்காரன் இந்த இடத்துல எம்புட்டு ஆழம்னு கேட்டா என்ன சொல்ல?"

"அறுபது பாகத்துக்குக் கீழ தெரியாதுன்னு சொல்லு. அத நம்பித்தான் அவன் பாய் விரிக்கணும்."