ஒரே நாளில் பழகிய வேலை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் லைனைக் கவனித்துவந்தவர் செண்பகவல்லி. மேனேஜர் தண்டபாணி ஒருநாள் அவரிடம் சொன்னார்: “ஒரு மாசத்துல உங்க வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுங்க. அது கத்துக்கிட்டா நீங்க தேவையில்லை. கத்துக்கலேன்னா, சொன்னதைச் செய்யலேன்னு அனுப்பிடுவேன்.”

“சரிங்க சார்” என்றார் அவர் களைப்போடு.

மாதக் கடைசியில் முதலாளியே சோதிக்க வந்தார். “நாலு டெய்லர் வரலை. என்ன செய்யறது?” என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்.

“பார்க்கலாம், நாளைக்கு வாங்க” என்றது அது. எதைக் கேட்டாலும் அதே பதில்.

“இதுதான் உங்க வேலையாம்மா?”

“என் வேலைக்கு ஒரு மாசம் பத்தலைங்க. மேனேஜர் சார் வேலையை ஒரே நாள்ல பழகிடுச்சு.”

முதலாளி தண்டபாணியிடம் திரும்பினார். “நாளையிலிருந்து இந்தம்மாகிட்ட லைன் வேலை பழகுங்க.”

செண்பகவல்லி பெருமூச்சு விட்டார். “இவருக்கு எத்தனை மாசம் குடுப்பீங்க?”