இடப்பக்கப் பை

கடலோரத்து விமானப்படைத் தளம் ஒன்றில், ஹெலிகாப்டர் பைலட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன்னால் ஓர் அறைக்குள் போயே ஆகவேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, அந்த அறை வாசலில் பதவியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அப்படி எங்கேயும் எழுதிப் போடவில்லை. உள்ளே இருந்த ஆள் அப்படி.

அவர் பெயர் கோமதிநாயகம். சார்ஜென்ட். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வயது முப்பத்தொன்றுதான், ஆனாலும் மொத்த யூனிட்டும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. பைலட்டுகளின் ஹெல்மெட், கையுறை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. லைஃப் ஜாக்கெட்டின் எந்தப் பையில் எது இருக்கவேண்டும் என்பதும் அவர் பொறுப்பு. நெஞ்சில் விசிலும் சின்னக் கண்ணாடியும். வலப்பக்கப் பையில் தண்ணீர்ப் பாக்கெட்டும் மருந்தும். இடப்பக்கப் பையில் ஃப்ளேர். ஒரு சாண் நீளக் குழாய் அது. வளையத்தைப் பிடித்து இழுத்தால் ஆரஞ்சு நிறத்தில் புகை கக்கும். கடலில் விழுந்தவன், ‘இங்கே இருக்கிறேன்’ என்று தூரத்துப் படகுக்குச் சொல்வது அதை வைத்துத்தான்.

அந்த யூனிட்டுக்கு ஸ்குவாட்ரன் லீடர் தயாளன் மாற்றலாகி வந்தார். வேலூர்க்காரர். வாத்தியாரைவிட ஆறு வயது மூத்தவர், பதவியிலோ எட்டாத உயரம். நல்ல பைலட். இடக்கைக்காரர்.

அந்த இடது கைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடி. கல்யாணப் பந்தியில் இடது கையால் அப்பளத்தை எடுத்துவிட்டார் என்று மாமா நாலு பேர் முன்னால் கையைத் தட்டிவிட்டார். பீச்சாங்கை என்ற பட்டப்பெயர் பத்தாம் வகுப்புவரை கூடவே வந்தது. படித்து, பறந்து, இனி என் கையை மாற்று என்று எவனும் சொல்ல முடியாது என்று நிமிர்ந்து நின்றவரிடம், முதல் நாளே வாத்தியார் அந்த ஜாக்கெட்டை நீட்டினார்.

தயாளன் அங்கேயே ஃப்ளேரை உருவி வலப்பக்கப் பையில் போட்டார். இடது கையைக் குறுக்கே நீட்டி எடுக்க அதுதான் வசதி.

“அது இந்தப் பக்கம் சார்” என்றார் வாத்தியார். எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“நான் லெஃப்ட் ஹேண்டர், வாத்தியாரே.”

“தெரியும் சார்.”

“என் ஜாக்கெட். என் கை.”

“ஜாக்கெட் உங்களோடதுதான் சார்.”

“அப்புறம் ஏன் மாத்தக் கூடாது?”

“போயிட்டு வாங்க சார், சொல்லுதேன்.”

தயாளன் போய்விட்டு வந்தார். வாத்தியார் டீ குடிக்கப் போயிருந்தார்.

இப்படியே நாற்பது நாள் ஓடியது. கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தயாளன் கிளம்புவார். ஹெலிகாப்டர்களை நிறுத்தும் ஹாங்கரின் மூலை திரும்பியதும் ஃப்ளேரையும் தண்ணீரையும் இடம் மாற்றிக்கொள்வார். சாயங்காலம் வாத்தியார் அதைத் திருப்பி மாற்றி வைப்பார். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டார்கள். கீரியும் பாம்பும்கூட இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்டிருக்காது.

அதிகாரத்தைக் காட்டி ஒரே நாளில் தயாளன் காரியத்தை முடித்திருக்கலாம். அவருக்கு வேண்டியது அதுவல்ல. ஏன் என்று ஒருத்தனாவது சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் இருந்தது. சின்ன வயதிலிருந்து அடித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. காரணம் சொன்னவர் ஒருத்தர் கிடையாது.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவர் அறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கூடப் பறக்கவேண்டிய ஃப்ளைட் லெப்டினன்ட் ஜெனிட்டா ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

“இன்னைக்கு நீங்க பதில் சொல்லாம நான் கிளம்பப் போறதில்ல.”

வாத்தியார் அவரைப் பார்த்தார். ஹெல்மெட் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து உதறினார்.

“கண்ணைக் கட்டட்டுமா சார்?”

“என்ன, விளையாட்டா?”

“வேலைதான் சார்.”

கட்டினார். கொடியில் வரிசையாகத் தொங்கிய ஒன்பது ஜாக்கெட்டுகளுக்கு முன்னால் தயாளனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஒவ்வொண்ணுலயும் ஃப்ளேர எடுங்க. ஒருதடவைதான் கையை விடலாம்.”

தயாளன் கையை விட்டார். ஃப்ளேர் வந்தது. அடுத்ததிலும் வந்தது. யாருடைய ஜாக்கெட், குட்டையா நெட்டையா என்று எதுவும் தெரியாது. ஆனாலும் எட்டு ஜாக்கெட்டிலும் கை நேரே ஃப்ளேரில் போய் விழுந்தது. அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

ஒன்பதாவதில் கைக்கு வந்தது கொழகொழவென்று ஒரு தண்ணீர்ப் பாக்கெட்.

“எந்த மடையன் இப்படி வச்சிருக்கிறது?” என்று கட்டை அவிழ்த்தார்.

ஜாக்கெட்டின் நெஞ்சில் அவர் பெயர் இருந்தது. நேற்று அவர் மாற்றியதை வாத்தியார் திருப்பி வைக்கவே இல்லை.

ஜெனிட்டா சட்டென்று கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வாத்தியார் சிரிக்கவில்லை. ஃப்ளேரை இடப்பக்கப் பைக்கு மாற்றினார், சரிபார்த்ததற்கான அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

“என்ன சொல்ல வர்றீங்க நீங்க?” என்றார் தயாளன்.

“ஒண்ணுமில்ல சார். மேடம் காத்துக்கிட்டு நிக்காங்க. போயிட்டு வாங்க, சொல்லுதேன்.”

ஹாங்கர் மூலை திரும்பியதும் வழக்கம்போலக் கை பைக்குப் போனது. மடையன் என்ற தன் குரலே காதில் கேட்டது. கையை எடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மண்ணும் விளங்கவில்லை. வெட்கம், அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரத்துக்கெல்லாம் ஹெலிகாப்டர் கடலில் கிடந்தது.

எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு பேச்சில்லை. தயாளன் முடிந்தவரை பதமாகத்தான் இறக்கினார். தண்ணீரைத் தொட்டதும் அது ஒருபக்கமாகக் கவிழ்ந்தது. ஜெனிட்டா வெளியே வந்தாள், அவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவருக்குத் தலையில் நல்ல அடி. இடது தோள் எலும்பு முறிந்திருந்தது. வலது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இதைச் செய் என்று அதற்குச் சொல்ல மண்டைக்குள் ஆள் இல்லை. ஜாக்கெட் உடம்பைத் தூக்கிப் பிடித்தது, தலை மட்டும் துவண்டு துவண்டு தண்ணீருக்குள் போனது.

ஜெனிட்டா அவருக்கு எதிரே மிதந்தபடி ஒரு கையால் அவர் காலரைப் பிடித்துத் தலையை மேலே நிறுத்தினாள். மறு கையால் தன் ஃப்ளேரை இழுத்தாள். புகை வந்தது. காற்று அதைத் தண்ணீரோடு தண்ணீராக அமுக்கிக் கொண்டுபோனது. தூரத்தில் போன விசைப்படகு பார்க்கவில்லை.

தேடி இன்னொரு ஹெலிகாப்டர் வரும், எப்படியும் வரும். அதுவரை இந்தத் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க அவள் கைக்குத் தெம்பு இருக்குமா என்பதுதான் கேள்வி.

காற்று ஒரு நிமிடம் தணிந்தது. படகு இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவளால் பார்க்க முடியவில்லை. உப்பும் எண்ணெயும் சேர்ந்து கண்ணைத் திறக்கவிடாமல் எரித்தன. படகின் சத்தம் மட்டும் கேட்டது.

“சார், உங்க ஃப்ளேர்” என்றாள்.

தயாளனுக்குக் கேட்டது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை. காலரைப் பிடித்த கையை அவள் விட்டால் அவர் மூச்சு நின்றுவிடும். விடாமல் எடுக்கவேண்டுமென்றால் ஒரே ஒரு கை. தடவிப் பார்க்க நேரமில்லை.

அந்தக் கை வருவதைத் தயாளன் பார்த்தார். கண் மூடியிருந்த அந்தப் பெண்ணின் வலது கை அலைக்கு அடியில் புகுந்து, நேரே அவருடைய இடப்பக்கப் பைக்கு வந்தது. மூடியைத் திறந்தது. ஃப்ளேரை எடுத்தது. வளையத்தை அவள் பல்லால் இழுத்தாள்.

இந்தமுறை புகை நிமிர்ந்து நின்றது.

படகின் சத்தம் ஒருகணம் குறைந்தது. அப்புறம் கூடியது, கூடிக்கொண்டே வந்தது. “உசுரு இருக்குடே, ரெண்டு பேருக்கும் இருக்கு” என்று யாரோ சொல்வது கேட்டது. வலைக்கும் மீனுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தபோது தயாளனுக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. அப்பாடா என்றிருந்தது. பக்கத்தில் ஜெனிட்டாவும் அழுதாள், கண்ணெரிச்சல் என்றாள்.

ஆறாம் நாள் வாத்தியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாலு ஆப்பிளும் ஒரு கத்தியும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

“போயிட்டு வந்துட்டேன், வாத்தியாரே” என்றார் தயாளன். “இப்பவாவது சொல்லுங்க.”

“என்ன சார் சொல்லணும்?”

“ஏன் மாத்தக் கூடாதுன்னு.”

“ஜெனிட்டா மேடம் கை எந்தப் பைக்கு வந்துச்சுன்னு பாத்தீங்கள்லா?”

“பார்த்தேன்.”

“அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?”

தயாளன் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார். பிறகு கேட்டார். “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருப்பீங்க. எல்லா பைலட்டும் அதத்தான் சொல்லுவாங்க. அப்படி நெனைக்கலேன்னா நீங்க எப்படி சார் மேல ஏற முடியும்?”

தயாளனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. வலியோடு சிரித்துக்கொண்டே ஆப்பிளைப் பார்த்தார். தோல் ஒரே சுருளாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் கத்தியைப் பார்த்தார். கத்தி பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

நாற்பத்தோரு நாள் அந்தக் கை அவருக்கு முன்னால்தான் கையெழுத்துப் போட்டது. தன் கையைத் தவிர வேறு யார் கையையும் அவர் கவனித்ததில்லை.

“வாத்தியாரே, நீங்களும் பீச்சாங்கையா?”

“பொறந்ததுல இருந்தே சார்.”

“அப்போ நாள் முழுக்க இத்தனை ஜாக்கெட்டையும் சோத்துக்கைக்காரனுக்குத் தோதா கட்டுறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா? உங்க கைக்கு ஏத்தமாதிரி ஒண்ணாவது கட்டத் தோணலையா?”

வாத்தியார் ஒரு துண்டை வெட்டினார். அதை வலது கைக்கு மாற்றி அவரிடம் நீட்டினார்.

“பதினோரு வருசமா கட்டுதேன் சார். ஒண்ணக்கூட நான் போட்டதில்ல.”