சனிக்கிழமைச் சந்தேகம்

"அம்மா, அந்தச் சமையல்காரி எனக்கு விஷம் வைக்கிறா."

பொன்னுலிங்கம் இதைச் சொன்னபோது அவருடைய கீழுதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது.

வயது அறுபத்திரண்டு. முப்பத்துநாலு வருஷம் போலீஸ். ரிட்டையராகி, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, அமைதி தேடிப் பொதிகை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அமைதி கிடைத்ததோ இல்லையோ, குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் சாரதாமணி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். காவி கட்டுவதற்கு முன்னால் ஒவ்வாமை டாக்டர். ஆசிரமத்து மருந்து அலமாரியின் சாவி இப்போதும் அவரிடம்தான்.

"யாரு, செல்லக்கிளியா?"

"அவளேதான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவளை வெளியே அனுப்பணும். இல்லேன்னா ஸ்டேஷனுக்குப் போறேன்."

செல்லக்கிளிக்குப் போக வேறு இடம் கிடையாது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள அறைதான் வீடு. இது அம்மாவுக்குத் தெரியும். பொன்னுலிங்கத்துக்கும் தெரியும், அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார்.

"ஆதாரம்?"

"புரட்டாசி பொறந்து மூணு சனிக்கிழமை அவ போட்ட சாதத்தைச் சாப்பிட்டேன். மூணு தடவையும் கை கழுவறதுக்குள்ள உடம்பெல்லாம் தடிப்பு."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னா குற்றவாளி உஷாராயிடுவா."

"மத்த நாளும் அவதானே சமைக்கிறா?"

"தினமும் வெச்சா மாட்டிக்குவாளே! விவரமானவம்மா."

"நேத்து அவ சமைச்சதை நீங்க தொடவே இல்லையாம்?"

"தொடல. கடையில இட்லி வாங்கி, என் பொண்ணு அனுப்பின மிளகாய்ப்பொடியைத் தொட்டுச் சாப்பிட்டேன். தொண்டை அடைச்சுப்போச்சு. நீங்க ஊசி போடலேன்னா இன்னைக்கு எனக்கு மாலை போட்டிருப்பாங்க."

"அப்ப உங்க பொண்ணையும் பிடிக்கணுமா?"

"பொடி டப்பாவைச் செல்லக்கிளி திறந்திருக்கா. எனக்குத் தெரியும்."

அம்மா மருந்து அலமாரியைப் பூட்டினார்.

"ஒரு மாசம் பொறுங்க. ஊசி மருந்தெல்லாம் உடம்பை விட்டுப் போகட்டும். அப்புறம் நானே விசாரிக்கிறேன். அவதான்னு தெரிஞ்சா அவ போவா. அதுவரைக்கும் கஞ்சி மட்டும்."

ஒரு மாதமும் கஞ்சிதான். அதிலும் முதல் வாயை ஆசிரமத்துப் பூனைக்கு வைத்து, பூனை சாகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பொன்னுலிங்கம் குடித்தார். பூனை நன்றாகக் கொழுத்தது.

மாதம் முடிந்தது.

அம்மா அவருடைய இடது முழங்கையின் கீழே பேனாவால் ஐந்து வட்டம் போட்டார். நாலு வட்டத்தில் நாலு சின்ன பாட்டில்களிலிருந்து ஒவ்வொரு சொட்டு. எள், நிலக்கடலை, முந்திரி, கோதுமை.

"அஞ்சாவது?"

"செல்லக்கிளி, இங்க வா. இந்தத் தண்ணியில கையைக் கழுவு."

செல்லக்கிளி ஒன்றும் கேட்காமல் கழுவிவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு, ஐந்தாவது வட்டத்தில்.

ஒவ்வொரு சொட்டின் மேலும் அம்மா ஊசி முனையால் லேசாகக் குத்தினார்.

"பதினஞ்சு நிமிஷம். சொறியக் கூடாது. பேசிக்கிட்டு இருங்க. இவ மேல ஏன் இவ்வளவு கண்ணு உங்களுக்கு?"

"அவ பூதத்தான் மக."

"யாரு பூதத்தான்?"

"என் கேடி லிஸ்ட்ல இருந்தவன். நான் எஸ்.ஐ.யா இருந்த ஊர்ல, தேருக்கு முந்தின நாளே லிஸ்ட்ல இருக்கிறவனையெல்லாம் அள்ளிட்டு வந்து ஸ்டேஷன்ல உட்கார வெச்சிடுவோம். சந்தேகக் கேஸ். தேர் நிலைக்கு வந்ததும் விட்டுருவோம்."

"அவன் என்ன பண்ணினான்?"

"பதினெட்டு வயசுல கோயில் மணி ஒண்ணைத் தூக்கிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணல. பண்ண விட்டாத்தானே!" பொன்னுலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எள்ளு வட்டம் வீங்கியது. கொசு கடித்த மாதிரி ஆரம்பித்து, ஒரு ரூபாய் அளவுக்கு எழும்பி நின்றது. மற்ற நாலும் அப்படியே கிடந்தன.

"புரட்டாசிச் சனிக்கிழமை இங்க எள்ளு சாதம். உங்க பொண்ணு பொடியிலயும் எள்ளு வறுத்துப் போட்டிருக்கா. போன்ல கேட்டேன்."

பொன்னுலிங்கம் ஐந்தாவது வட்டத்தைத் தடவிப் பார்த்தார். "இங்க சரியாக் குத்தினீங்களா?"

அம்மா இன்னொரு சொட்டு வைத்துக் குத்தினார். இன்னொரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் எழவில்லை.

"எள்ளு விஷமா?"

"ஊரே சாப்பிடுது."

"அப்ப என்னைக் கொல்லப் பார்த்தது யாரு?"

"உங்க ரத்தத்துல ஒரு காவல் இருக்கு. இம்யூனோகுளோபுலின் ஈன்னு பேரு. குடல்ல புழு கிழு வந்தா விரட்டணும். நல்ல வேலைதான். அது எப்பவோ எள்ளைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கு. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா தோலுக்கடியில, தொண்டையில, குடல்ல எல்லாம் ஆளைப் போட்டு வெச்சிடுச்சு. அடுத்த தடவை எள்ளு உள்ளே வந்ததும்…"

"அள்ளிடும்."

"கையில இருக்கிற ரசாயனத்தையெல்லாம் ஒரே நேரத்துல கொட்டும். எள்ளுக்கு என்ன? வீங்குறது நீங்க."

"எள்ளு என்ன தப்புப் பண்ணுச்சுன்னு அது விசாரிக்காதா?"

அம்மா பஞ்சை எடுத்து அவர் கையைத் துடைத்தார்.

பொன்னுலிங்கம் வெகுநேரம் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல இருந்து பேரை எடுக்க முடியாதா?"

"ரத்தத்துல எழுதினதை அழிக்க எனக்குத் தெரியாது. உயிரோட இருக்கணும்னா, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சமைச்சவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொல்றதை நம்புங்க."

"செல்லக்கிளிகிட்டயா?"

"இங்க வேற யாரு சமைக்கிறாங்க?"

சாப்பாட்டு மணி அடித்தது.

செல்லக்கிளி பொன்னுலிங்கத்தின் இலையில் சாதம் வைக்கக் குனிந்தாள்.

"உங்கப்பா பூதத்தான்தானே?"

கரண்டி அப்படியே நின்றது.

"ஆமாய்யா. நீங்க வந்த அன்னைக்கே உங்களை அடையாளம் தெரிஞ்சிடுச்சு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இல்லாம இருக்குமா? எங்கப்பா சாகிற வரைக்கும் தேர் ஓடிப் பார்த்ததில்ல. நானும் எங்கம்மாவும் சோறு எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல நிப்போம். நீங்க தூக்குவாளியைத் திறந்து, பேனாவை விட்டுக் கிளறிப் பார்த்துட்டுத்தான் உள்ளே அனுப்புவீங்க."

பொன்னுலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பூனை வழக்கம்போல வந்து, அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு உட்கார்ந்தது.

"இதுல எள்ளு இருக்கா, தாயி?"

"இல்லைய்யா."

பூனை கத்தியது.

பொன்னுலிங்கம் அதை ஒதுக்கிவிட்டு, முதல் வாயைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.