ஊருணியும் சக்கரப்பூச்சிகளும்

ஓர் ஊரின் கிழக்கே ஓர் ஊருணி இருந்தது. குடிதண்ணீருக்கென்றே வெட்டியது. செருப்புக் காலோடு யாரும் அதன் கரை ஏற மாட்டார்கள். குளிக்க இறங்கியவனைப் பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள். அந்த மரியாதையை ஊருணி மறக்கவே இல்லை. கொஞ்சம் தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் அதன் வயிற்றில் நீர்த்தெள்ளுகள் துள்ளித் திரிந்தன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள். குடத்து வாயில் துணி கட்டி மொள்ளும் பெண்கள், துணியில் ஒட்டியவற்றைத் தண்ணீரிலேயே உதறிவிடுவார்கள். பேச்சும் சிரிப்புமாய்க் காலை நேரம் போவதே தெரியாது. அதை நினைத்தால் ஊருணிக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

பிறகு தண்ணீர் லாரி வந்தது, குடங்கள் வருவது நின்றது. பக்கத்தில் கல்யாண மண்டபம் வந்தது. யாருக்கும் தெரியாமல் அதன் கழிவு மண்ணுக்கடியில் ஊறி ஊருணிக்கு வந்து சேர்ந்தது. நீர்த்தெள்ளுகள் செத்தன. தலையில் சக்கரம் சுழற்றும் சக்கரப்பூச்சிகள் அழுக்கைத் தின்று பெருகின.

இருபது வருடம் கழித்து, ஒரு கோடையில் லாரி வருவதும் நின்றது. ஊராட்சித் தலைவர் உடையப்பன் தண்ணீரைச் சோதிக்கக் கல்லூரிப் பேராசிரியை ஜெசிந்தாவை அழைத்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை ஒதுங்கவைப்பது போல, முதல் நாளே ஆள் விட்டுப் பாசியை அள்ளிவிட்டார்.

ஊருணி சக்கரப்பூச்சிகளிடம் கெஞ்சியது. “நாளைக்கு மட்டும் சேற்றில் ஒளிந்துகொள்ளுங்கள். வலையில் நீங்கள் விழுந்தால் என் மானம் போய்விடும்.”

“உன் தண்ணீரில் பிழைக்கிறோம். சொன்னால் கேட்கிறோம்” என்றன அவை.

சேற்றில் நீர்த்தெள்ளு முட்டை ஒன்று பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. “நீயாவது எழுந்து வாயேன். உன்னைப் பார்த்தால் நல்ல தண்ணீர் என்பார்கள்” என்றது ஊருணி.

“இந்தத் தண்ணீரில் அரை நாள் தாங்க மாட்டேன். அது உனக்கே தெரியும்” என்றது முட்டை.



காலையில் ஜெசிந்தா மெல்லிய வலையை வீசி இழுத்தார். “ஒண்ணுமே சிக்கலையே!”

“தண்ணி பளிங்காட்டம் கெடக்கு டீச்சரம்மா. நல்லதுன்னு எழுதிக் குடுங்க. அந்தா, நம்ம ராக்கு குடத்தோட நிக்கிறா பாருங்க. நெறமாசக்காரி” என்றார் உடையப்பன்.

குடம்! இருபது வருடத்தில் ஊருணி பார்த்த முதல் குடம். படியேறிப் போய் அதை நிரப்பிவிட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் ராக்குவின் வயிற்றைப் பார்த்தது.

“எழுந்திருங்கள்! எல்லாரும் வலைக்குள் போங்கள்!”

“உன் மானம்?” என்றன சக்கரப்பூச்சிகள்.

“போகட்டும்.”

ஜெசிந்தா சந்தேகத்தோடு மறுபடி வலையை வீசினார். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். “அம்புட்டும் சக்கரப்பூச்சி, தலைவரே. எங்கிருந்தோ சாக்கடை கலக்குது. ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.”

உடையப்பன் முகம் சுண்டிப்போனது. “அப்ப மண்டபத்துப் பக்கம்தான் தோண்டிப் பாக்கணும்.”

ராக்கு பெருமூச்சு விட்டுத் திரும்பி நடந்தாள். வந்த ஒரே குடமும் போகிறதே என்று ஊருணிக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னது:

“வெறுங்குடத்தோடயே போ, தாயி. பிள்ளைய நல்லபடியாப் பெத்தெடு.”