இணை இயக்குநர் நட்ட நாற்று

கொக்குக்குளம் வேளாண் விரிவாக்க மையத்தைக் கூட்டிப் பெருக்குகிற வள்ளிமயிலுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அங்கே இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு. மாவட்டத்திலிருந்து வந்த இணை இயக்குநர் சந்தானகோபாலன் நெல் நடவு பற்றி முழங்க எழுந்தால், எதிரே வெறும் நாற்காலிகள்தான்.

"இளைஞர் பயிற்சிக்கு ஒரு இளைஞன்கூட இல்லையா? ஒரு மணி நேரத்துல ஐம்பது பேர் வரணும். இல்லேன்னா இந்த ஊருக்குத் திட்டமே வேண்டாம்னு எழுதிடுவேன்!"

குளத்து மடை திறந்து இரண்டே நாள். ஊர் இளவட்டம் முழுக்க நடவு வயலில் கிடந்தது.

வள்ளிமயில் சுவரிலிருந்த பேனரைக் கழற்றினாள். "எல்லாரும் வந்து காத்துக் கிடக்காங்கய்யா. நீங்கதான் இடம் மாறி வந்துட்டீங்க."

அவரை வயலுக்கு அழைத்துப்போய், வரப்பு மரத்தில் பேனரைக் கட்டிவிட்டு, "ஐயா நட்டுக் காட்டப்போறாரு!" என்று கூவினாள். ஐம்பது தலைகள் நிமிர்ந்தன.

வேறு வழியில்லாமல் அவர் கால்சட்டையைச் சுருட்டி இறங்கினார். விறுவிறுவென்று நட்டபடியே முன்னால் நடந்தார். நட்டதையெல்லாம் அவர் காலே மிதித்தது.

"நட்டுக்கிட்டே பின்னால போகணும்ங்கய்யா" என்று ஒரு பெண் அவரைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அரை மணியில் கை பழகியது. முகமெல்லாம் சேறும் சிரிப்பும்.

கரையேறியவரிடம் வள்ளிமயில் பதிவேட்டை நீட்டினாள். பயிற்சி கொடுத்தவர்கள் என்ற இடத்தில் ஐம்பது பெயர்கள். பயிற்சி பெற்றவர் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது.

"திட்டம் வேணுமா, வேண்டாமாங்கய்யா?"

"எனக்கே இன்னும் ரெண்டு வகுப்பு வேணுமே" என்று சேற்றுக் கையோடு கையெழுத்துப் போட்டார் இணை இயக்குநர்.