முனை கிள்ளிய தினை

ஓடைக்கரை மேட்டில் குடியிருந்த வெள்ளெலி மருதாயியின் வளையில் ஏழு அறைகள் இருந்தன. ஒன்றில் தினை, ஒன்றில் சாமை, ஒன்றில் வரகு, ஒன்றில் கோரைக்கிழங்கு, ஒன்றில் காய்ந்த இலந்தை. ஆறாவதில் குடும்பம் படுத்துக்கொண்டது. ஏழாவது அறை மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. வெள்ளம் வந்தால் எல்லாரும் ஏறிக்கொள்வதற்காக அதைத் தோண்டி வைத்திருந்தாள்.

மற்ற எலிகள் தானியத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே படுக்கும். மருதாயி படுக்கையைக் கீழே போட்டுத் தானியத்தை மேலே வைத்தாள்.

"தண்ணி வந்தா நாம ஓடி ஏறிக்கலாம். தினை ஓடி ஏறுமா?" என்பாள்.

ஒத்திகையும் உண்டு. நினைத்தாற்போல் ஒரு நாள், "தண்ணி வந்திருச்சு!" என்று கத்துவாள். எட்டுக் குட்டிகளும் ஆளுக்கொரு கிழங்கைக் கவ்விக்கொண்டு உச்சி அறைக்கு ஓட வேண்டும். கடைசியாக வருகிறவருக்கு அன்றைக்கு இலந்தை கிடையாது. பெரும்பாலும் இலந்தை கிடைக்காமல் போனது அவள் புருஷன் மொக்கையனுக்குத்தான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முனை கிள்ளாத ஒரு மணிகூட வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தானியத்தின் ஓரத்தில் முளை கிளம்பும் கண் ஒன்று இருக்கும். பல்லின் நுனியால் அதை நறுக்கிவிட்டால் போதும். மண்ணின் ஈரம் பட்டாலும் மணி முளைக்காது, ருசியும் குறையாது. அறுப்புக் காலத்தில் குடும்பம் முழுக்க வாசலில் உட்கார்ந்து கிள்ளும். கிள்ளிய மணியை மருதாயி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், மழையில் வளைக்குள் ஈரம் ஏறி, அறை அறையாகத் தானியம் முளைத்து அழுகிவிட்டது. வீடே பட்டினி கிடந்தது. அன்றிலிருந்து முளை என்றாலே அவளுக்கு ஆகாது. வாசலில் ஒரு புல் தலைநீட்டினாலும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

மேட்டின் மறுபக்கம், ஆவாரஞ்செடியின் அடியில், காடை செல்லி ஆறு குஞ்சுகளோடு இருந்தாள். வீடு என்று சொல்ல நாலு சருகுதான். அன்றன்று கிளறி அன்றன்று தின்கிற பிழைப்பு. ஆனால் அவளிடமும் ஒரு சேமிப்பு இருந்தது. பக்கத்துக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி விட்டுப்போன கூடு ஒன்று தொங்கியது. அதற்குள் இரண்டு பிடி தினையை வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். அது விதை. குஞ்சுகள் யாரும் அதை அண்ணாந்துகூடப் பார்க்கக்கூடாது.

அமாவாசைக்கு அமாவாசை அதிலிருந்து பத்து மணி எடுப்பாள். ஈர மண் தடவிய எருக்கிலையில் வைத்து மடிப்பாள். நாலாம் நாள் பிரித்து எண்ணுவாள்.

"பத்துக்கு எட்டு முளைச்சிருக்கு! விதை உசுரோட இருக்கு!" என்று குஞ்சுகளிடம் காட்டுவாள்.

மருதாயி இதை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மொக்கையனிடம் சொல்லிச் சிரித்தாள். "தின்கிற தினையை வேணும்னே முளைக்க வச்சு வேடிக்கை பாக்குறா! இவ எங்க உருப்பட?"

அந்த வருஷம் ஆவணி பொய்த்தது. புரட்டாசியும் பொய்த்தது. கிளறிய இடத்தில் எல்லாம் புழுதிதான் பறந்தது. ஒரு நாள் காலையில் செல்லி வளை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, குஞ்சுங்க வயித்துல ரெண்டு நாளா ஒண்ணும் இல்ல. ஒரு பிடி சாமை குடுங்க. மழை பெஞ்சதும் ஈசல் புடிச்சு ஈடு கட்டிர்றேன்."

"உன் கூட்டுலதான் ரெண்டு பிடி தினை தொங்குதே?"

"ஐயோ, அது விதைக்கா! அதுல எப்படி வாய வைக்க?"

"பிள்ளை வயிறு காயுது, விதையாம் விதை! முதல்ல அதைத் தின்னு தீத்துட்டு வா. அப்புறம் பாப்போம்!"

உள்ளேயிருந்து மொக்கையனின் குரல் வந்தது. "ஒரு பிடிதானே புள்ள, குடுத்தா என்ன? அம்பாரமாக் கிடக்கு."

"எல்லாருக்கும் குடுத்துக் குடுத்தா அம்பாரமாச்சு? நீங்க உங்க வேலையைப் பாருங்க!"

செல்லி திரும்பிப் போனாள். மருதாயி கெட்டவள் இல்லை, கெட்டிக்காரி. கெட்டிக்காரர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. தங்களைப் போலச் சேர்த்து வைக்காதவர்களைக் கண்டால், சோம்பேறி என்று முத்திரை குத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை, ஓடை கரையை உடைத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி வந்திருச்சு!" என்று மருதாயி கத்தினாள்.

எட்டுக் குட்டிகளும் எட்டுக் கிழங்கோடு உச்சி அறையில் இருந்தன. அன்றைக்கு முதல் ஆளாக ஏறியவன் மொக்கையன். படுக்கை அறை மூழ்கியது. தானிய அறைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்தது. பத்து உயிரும் பத்திரமாக வெளியே வந்தன. மருதாயிக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை அவளுக்குத் தகும்.

ஆனால் வெளியே காடு என்று ஒன்று இல்லை. ஓடைக்கரை முழுக்க வண்டல் மூடிக் கிடந்தது. ஒரு புல் இல்லை, ஒரு கதிர் இல்லை.

"உள்ள இருக்கிறது எத்தனை நாளைக்கு வரும்?" என்று மொக்கையன் கேட்டான்.

"இழுத்துப் பிடிச்சா மூணு மாசம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நம்ம கதிர்! வண்டல் ஈரமாக் கிடக்கு. இப்பவே விதைச்சா மூணு மாசத்துல தினை வந்துரும்."

அவளுக்கு எல்லாவற்றுக்கும் வழி தெரியும். அறையிலிருந்து பருத்த மணிகளாகப் பொறுக்கி எடுத்தாள். குட்டிகள் வண்டலைக் கீறின. மொக்கையன் மணியைப் போட்டு மூடினான். அந்த ஒரு நாள் விதைப்பில் பத்து நாள் சாப்பாடு மண்ணுக்குள் போனது.

ஐந்து நாள் ஆனது. ஒன்றும் தலைகாட்டவில்லை.

"ஆழமாப் போட்டுட்டீங்க!" என்று மொக்கையனை வைதாள்.

ஏழு நாள் ஆனது. எறும்பை வைதாள். எட்டாம் நாள் மண்ணையே வைதுவிட்டு, இன்னொரு பத்து நாள் சாப்பாட்டை எடுத்து மறுபடி விதைத்தாள். அதற்கும் ஒரு வாரம் போனது. வண்டலின் மேல்பரப்பு வெளுக்கத் தொடங்கியது. இன்னும் நாலைந்து நாள் வெயில் அடித்தால் ஈரம் போய்விடும். பிறகு எதைப் போட்டாலும் வராது.

மருதாயி தானே போய் மண்ணைத் தோண்டினாள். ஒரு மணி கிடைத்தது. ஊதிப்போய், கொழகொழவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தாள். கண் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. அது அவளுடைய பல் பட்ட இடம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அறை அறையாகத் தினை இருந்தது, சாமை இருந்தது, வரகு இருந்தது. அத்தனையிலும் உயிருள்ள மணி ஒன்றுகூட இல்லை.

"மருதாயி," என்று மொக்கையன் மெதுவாகக் கூப்பிட்டான். "மேட்டுக்கு அந்தப் பக்கம் பச்சையாத் தெரியுது."

எட்டுக் குட்டிகளின் வயிறு கண்முன்னால் வந்தது. மருதாயி எழுந்து போனாள்.

ஆவாரஞ்செடியைச் சுற்றித் தினைப்பயிர் விரல் உயரத்துக்கு நின்றது. செல்லி களை பொறுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் சிறகைத் தவிர ஒன்றும் மிச்சம் இல்லை. குஞ்சுகள் நிழலில் சுருண்டு கிடந்தன. மருதாயிக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம். ஐந்துதான் இருந்தன.

"ஆறு இருந்துச்சே செல்லி?"

"கடைக்குட்டி போயிருச்சுக்கா. தண்ணி வந்தப்ப எல்லாரும் மேட்டுல ஏறினோம். அதுக்கு ஏறத் தெம்பு இல்ல."

செல்லி இதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது.

"அன்னைக்கு அந்த ஒரு பிடி சாமையைக் குடுத்திருந்தா ஏறியிருக்கும்," என்றாள்.

செல்லி இன்னொரு களையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். "எதுக்கு வந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

"விதை வேணும்."

"உங்க வீட்டுலதான் அறை அறையாக் கிடக்கே! முதல்ல அதை விதைச்சிட்டு வாங்க."

"விதைச்சேன். ரெண்டு தடவை விதைச்சேன். ஒண்ணுகூட முளைக்கல. எல்லாத்தோட கண்ணையும் நானே கிள்ளிட்டேன் செல்லி!"

செல்லி களை பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பிறகு கருவேல மரத்தைக் காட்டினாள்.

"ஒரு பிடிதான் விதைச்சேன். அது பொய்ச்சா இருக்கட்டும்னு இன்னொரு பிடி கூட்டுலயே கிடக்கு. அதை எடுத்துக்கோங்க. ஆனா இன்னையிலிருந்து கதிர் வர்ற வரைக்கும் என் அஞ்சு குஞ்சும் உங்க அறையிலதான் திங்கும்."

'என் எட்டுக்கே பத்தாதே!' என்று மருதாயியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அஞ்சும் திங்கட்டும். நீயும் வந்து தின்னு," என்றாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பிடி தினை மண்ணுக்குள் போய்விட்டது. நாலாம் நாள் வண்டலில் பச்சை எட்டிப் பார்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக மருதாயி ஒரு முளையைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் அரை வயிறுதான். மொக்கையனுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது அந்த மாதங்களில்தான் தெரிந்தது. தை பாதியில் அறைகள் துடைத்துவிட்டாற்போல் ஆகின. செல்லி கரையான் கிளறிக் கொடுத்தாள். குட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றன. பத்து நாள் அப்படிப் போனது. அதற்குள் செல்லியின் பயிர் முதலில் முற்றியது. இரண்டு வீடும் அதைத் தின்றன. மாசியில் மருதாயியின் பயிரும் தலை சாய்ந்தது.

அறுப்பு முடிந்து, குடும்பம் வழக்கம்போல் வாசலில் கிள்ள உட்கார்ந்தது. மருதாயி இருப்பதிலேயே பருத்த கதிரை எடுத்தாள். பல் தானாகவே முனைக்குப் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா, இதைக் கிள்ளலையா?" என்று ஒரு குட்டி கேட்டது.

"இது வீட்டுக்குள்ள வராது," என்று சொல்லிவிட்டுக் கருவேல மரத்துக்கு எடுத்துப் போனாள். குருவிக்கூட்டில் செல்லி புதிதாகச் சேர்த்த இரண்டு பிடிக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு பிடியும் சேர்ந்தது. கிள்ளிய தானியம் பழையபடி அறைகளுக்குள் போனது. வாசலை ஒட்டி ஒரு பிடி தினை மட்டும் தனியாக இருந்தது. அது யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அமாவாசை வந்தது. இரண்டு பேரும் பத்து மணியை எருக்கிலையில் மடித்து வைத்தார்கள். நாலாம் நாள் மருதாயிதான் முந்திக்கொண்டு பிரித்தாள்.

"பத்துக்கு ஒம்பது!" என்று கூவினாள்.

அந்தக் கூச்சலைக் கேட்டு, எட்டுக் குட்டிகளும் ஐந்து குஞ்சுகளும் ஆளுக்கொரு கிழங்கோடு உச்சி அறைக்கு ஓடின. அங்கே ஏற்கெனவே மொக்கையன் உட்கார்ந்திருந்தான்.

தின்பதற்கு மட்டும் சேர்த்து வைப்பவர் ஒரு பஞ்சத்தைத்தான் தாண்டுவார். அதில் ஒரு பிடியை உயிரோடு விதைக்கென ஒதுக்குபவரே அடுத்த பஞ்சத்தையும் தாண்டுவார்.